கேலப்பின் கோடை வேலையும் ஒரு ஆய்வு நிறுவனத்தின் பிறப்பும்

கேள்வி இது: கல்லூரி நாட்களில் வீடுவீடாகப் போய்ச் செய்த கள ஆய்வு, பிற்காலத்தில் வணிக ஆய்வு நிறுவனமாக வளர்வது எப்படி? அனுபவம் மட்டும் போதுமா, வேறு என்ன வேண்டும்?

பொதுவாகப் பதில் சொன்னால் ஆர்வம், உழைப்பு, தொடர்புகள் என்று எந்தத் தொழிலுக்கும் பொருந்துகிற பட்டியல்தான் வரும். அதனால் ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன்: தேர்தல் கருத்துக்கணிப்பு என்றதும் நினைவுக்கு வரும் ஜார்ஜ் கேலப். அவர் தொடங்கியது தேர்தலில் இல்லை. மக்கள் செய்தித்தாளில் எதைப் படிக்கிறார்கள் என்ற சின்னக் கேள்வியில் தொடங்கினார். அங்கே கிடைத்த ஒரு முறையைப் பத்திரிகை முதலாளிகளுக்கும், பிறகு விளம்பரக்காரர்களுக்கும், கடைசியில் அரசியல் செய்தியாகவும் விற்றார். நிறுவனம் உருவானது இந்த மூன்றாவது விற்பனையில்தான்.

கேலப் 1901இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அயோவா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது மாணவர் நாளிதழான டெய்லி அயோவனின் ஆசிரியராக இருந்தார். 1922 கோடை விடுமுறையில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு வேலை கிடைத்தது. டார்சி விளம்பர ஏஜென்சிக்காக, போஸ்ட்-டிஸ்பேட்ச் நாளிதழின் வாசகர்களை வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஆய்வுகளில் வழக்கமான கேள்வி, "நீங்கள் வழக்கமாக எந்தெந்தப் பகுதிகளைப் படிப்பீர்கள்?" என்பது. வாசலில் நிற்கும் படித்த இளைஞனிடம் யாரும் "முதலில் சித்திரக் கதை, அப்புறம் வம்புச் செய்தி" என்று சொல்வதில்லை. தலையங்கம், வெளிநாட்டுச் செய்தி என்று கௌரவமான பதில்தான் வரும்.

இந்தக் கேள்வியில் என்ன கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த எல்லா வேலைக்கும் அடித்தளம் அதுதான். மூன்று தவறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று கௌரவம். இரண்டு ஞாபகம்: நேற்றுப் படித்த துணுக்கே இன்று மறந்துவிடும், போன மாதத்தைப் பற்றிக் கேட்டால் கற்பனைதான் பதிலாக வரும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. "வழக்கமாக" என்ற ஒற்றைச் சொல், பதில் சொல்கிறவரைத் தன் வாழ்க்கைக்குச் சராசரி போடச் சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாள் படிப்பவர் "ஆமாம்" என்பார், இன்னொருவர் அதே இரண்டு நாளுக்கு "இல்லை" என்பார். பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றுகூடக் குறையாது.

கேலப் கண்ட தீர்வு கேட்க எளிமையானது: கருத்தைக் கேட்காதே, பேப்பரைக் கையில் கொடு. 1928இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதே. டெமாயின் நகரின் ரெஜிஸ்டர், ட்ரிப்யூன் நாளிதழ்களை வைத்துச் செய்தார். இந்த வகைப் பேட்டி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

களப்பணியாளர் நேற்றைய இதழின் புதிய பிரதியோடு போகிறார். அதில் எந்தக் குறியும் இருக்கக் கூடாது. முதலில் ஒரு வடிகட்டிக் கேள்வி: நேற்று இந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்தீர்களா? இல்லை என்றால் அந்தப் பேட்டி அங்கேயே முடிந்தது. ஆமாம் என்றால் இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். "இந்தப் பக்கத்தில் எதையாவது பார்த்தீர்களா? எதுவரை படித்தீர்கள்?" பார்த்ததற்கு ஒரு குறி, பாதி படித்ததற்கு ஒரு குறி, முழுவதும் படித்த இடத்தில் நெடுகக் கோடு. ஒரு பேட்டிக்கு ஒரு பிரதி. சாயங்காலம் அலுவலகத்தில் அந்தப் பிரதிகளை அடுக்கிவைத்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஆண்களில் எத்தனை சதவீதம், பெண்களில் எத்தனை சதவீதம் என்று எண்ணுகிறார்கள். கேள்வித்தாளே பேப்பர்தான்.

இதிலும் தவறு வரும். இருபது பக்கத்துக்கு மேல் போனால் பதில் சொல்கிறவர் களைத்துப்போய், கடைசிப் பக்கங்களில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தலையாட்டுவார். அதனால் பாதிப் பேரிடம் முதல் பக்கத்திலிருந்தும் மீதிப் பேரிடம் நடுவிலிருந்தோ கடைசியிலிருந்தோ தொடங்க வேண்டும். களப்பணியாளர் "இதைப் படித்திருப்பீர்களே?" என்று விரலை வைத்துக் காட்டினால் எண்ணிக்கை ஏறும். விரல் பக்கத்தின் ஓரத்தில்தான் இருக்க வேண்டும். மூன்று நாள் பழைய இதழைக் கொண்டுபோனால் ஞாபகப் பிழை திரும்ப நுழைந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பார்க்காததைப் பார்த்தேன் என்பவர்கள் இருப்பார்கள். அதைப் பிடிக்க, இன்னும் வெளியாகாத ஒரு விளம்பரத்தை மற்ற விளம்பரங்களோடு கலந்து காட்டுவது பின்னாளில் வந்த உத்தி. அந்தப் பொய் விளம்பரத்தை 8 சதவீதம் பேர் பார்த்தேன் என்கிறார்கள், உண்மையான விளம்பரத்தை 40 சதவீதம் பேர் பார்த்தேன் என்கிறார்கள் என்று வையுங்கள். 40இலிருந்து 8ஐக் கழித்து 32, அதை 100இலிருந்து 8 போன 92ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35 சதவீதம். வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது இந்த 35தான், 40 இல்லை. இந்தத் திருத்தத்தைச் செய்யாத ஆய்வறிக்கைகள் இன்றும் புழங்குகின்றன. பெரிய எண் விளம்பரம் கொடுத்தவருக்கும் பிடிக்கும், வெளியிட்ட பத்திரிகைக்கும் பிடிக்கும் என்பதால் யாரும் தட்டிக் கேட்பதில்லை.

டெமாயின் ஆய்வின் முடிவு பத்திரிகைக்காரர்களுக்குச் சங்கடமாக இருந்தது. படப் பக்கமும் சித்திரக் கதையும் முதல் பக்கத் தலைப்புச் செய்தியை மிஞ்சின. ஆனால் அந்தப் பத்திரிகைகளின் உரிமையாளர்களான கௌல்ஸ் குடும்பத்தார் முடிவை வைத்துக் காரியம் செய்தார்கள். படங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். 1937இல் அவர்கள் தொடங்கிய லுக் என்ற படப் பத்திரிகைக்கும் இந்த ஆய்வுகள்தான் ஒரு தூண்டுதல். ஆய்வின் முடிவை நம்பிப் பணம் போடும் முதல் வாடிக்கையாளர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கேலப்பின் முதுகலை ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1925இல் உளவியலில் செய்த அந்த ஆய்வு, சீடர் ராப்பிட்ஸ் நகரின் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்கு விற்பனையாளர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அதாவது பல்கலைக்கழகத்தில் செய்த இரண்டு ஆய்வுகளுமே ஒரு முதலாளியின் அன்றாடச் சிக்கலை எடுத்துக்கொண்டவை. கோட்பாட்டை முதலில் எழுதிவிட்டுப் பிறகு வாங்க ஆள் தேடிய கதை இது இல்லை.

அடுத்த கட்டம் விளம்பரம். டிரேக் பல்கலைக்கழகத்திலும் பிறகு நார்த்வெஸ்டர்னிலும் பாடம் நடத்திக்கொண்டே, அதே முறையை வார இதழ்களின் விளம்பரப் பக்கங்களுக்குத் திருப்பினார். பேப்பரைப் புரட்டுவது போலவே பத்திரிகையைப் புரட்டி, எந்த விளம்பரத்தில் கண் நின்றது என்று குறித்தார். விளம்பரக்காரர்கள் அதிகம் நம்பியது சிக்கனம், திறன் போன்ற வாதங்களை. வாசகர் கண் அதிகம் நின்றதோ அழகும் கவர்ச்சியும் பேசிய விளம்பரங்களில். நியூயார்க்கின் யங் அண்ட் ரூபிகம் ஏஜென்சியை நடத்திய ரேமண்ட் ரூபிகம் இதைப் பார்த்துவிட்டு 1932இல் அவரை வேலைக்கு எடுத்தார். ஆய்வுக்கென்று ஒரு தனிப் பிரிவு, நாடெங்கும் பேட்டியாளர்கள், மாதச் சம்பளம். 1947 வரை கேலப் அந்த வேலையை விடவே இல்லை. நிறுவனம் தொடங்கிய பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் சம்பளம் வந்துகொண்டிருந்தது. "வேலையை உதறிவிட்டுக் களத்தில் குதித்தார்" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

1932இல் இன்னொன்றும் நடந்தது. அவருடைய மாமியார் ஓலா பாப்காக் மில்லர், அயோவா மாநிலச் செயலர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்தார். அவருக்காக மருமகன் நடத்தியதுதான் முதல் கேலப் கணிப்பு என்று சொல்வது உண்டு. வீட்டுக்குள் தேர்தல் வந்தது ஆர்வத்தைக் கிளப்பியிருக்கும், அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லலாம். அவர் முறைப்படி ஒத்திகை பார்த்தது 1934 நாடாளுமன்றத் தேர்தலை வைத்து. விளம்பர ஆய்வுக்கு இல்லாத ஒரு சௌகரியம் தேர்தலுக்கு உண்டு: விடை ஒரு குறிப்பிட்ட நாளில் ஊரறிய வெளியாகும். சோப்பு விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு நீங்கள் சொல்வதே விடை. தேர்தலில் மாட்டிக்கொள்வீர்கள். ஜெயித்தால் அதைவிடப் பெரிய விளம்பரமும் கிடையாது.

1935இல் அமெரிக்கப் பொதுக்கருத்து நிறுவனம் என்ற பெயரில் பிரின்ஸ்டனில் அலுவலகம் திறந்தார். ஊரும் பெயரும் ஏதோ பல்கலைக்கழகத் துறை என்ற எண்ணத்தைக் கொடுத்தன, ஆனால் அது முழுக்கத் தனியார் வணிகம். அக்டோபர் மாதம் முதல் வாரந்தோறும் கணிப்பு முடிவு பற்றிய ஒரு பத்தியை நாடு முழுக்கப் பத்திரிகைகளுக்கு விற்றார்கள். முதல் பத்தியின் கேள்வி, அரசு நிவாரணத்துக்குச் செலவு செய்வது அதிகமா, குறைவா, சரியா என்பது. அதிகம் என்றார்கள் 60 சதவீதம்.

வணிக ரீதியில் இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். ஒரு கள ஆய்வின் செலவை ஒரே வாடிக்கையாளர் தலையில் கட்டவில்லை. பல பத்திரிகைகள் பங்கு போட்டன, போட்டி நகரங்களின் பத்திரிகைகள் ஒரே எண்ணை வாங்கின. கூடவே ஒரு உத்தரவாதம்: 1936 அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜெஸ்ட்டைவிடத் துல்லியமாகச் சொல்லாவிட்டால் பணம் வாபஸ். தோற்றிருந்தால் நிறுவனம் அன்றே இழுத்து மூடப்பட்டிருக்கும்.

லிட்டரரி டைஜெஸ்ட் என்பது அன்றைக்குப் பெயர் பெற்ற வார இதழ். சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டனுக்கு 57, ஜனநாயகக் கட்சியின் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 43 சதவீதம் என்று அறிவித்தது. கேலப் ஜூலையிலேயே ஒரு வேலை செய்தார். டைஜெஸ்ட் பயன்படுத்துவது போன்ற பட்டியல்களிலிருந்து, அதாவது தொலைபேசிப் புத்தகம், கார் பதிவேடு வகையறாவிலிருந்து, 3,000 பேருக்கு அஞ்சலட்டை போட்டார். டைஜெஸ்ட் சீட்டு அனுப்பத் தொடங்கும் முன்பே, அது லாண்டனுக்கு 56, ரூஸ்வெல்ட்டுக்கு 44 என்று சொல்லித் தவறப்போகிறது என்று பத்தியில் எழுதினார். டைஜெஸ்ட் ஆசிரியர் கொதித்துப்போனார். கடைசியில் ரூஸ்வெல்ட் 48இல் 46 மாநிலங்களை வென்றார். டைஜெஸ்ட் 1938இல் நின்றுபோனது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது சரி. 1936 அமெரிக்காவில் தொலைபேசி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பானையில் இல்லை. அதோடு இன்னொரு கோளாறும் இருந்தது, அது பட்டியல் கோளாறைவிடக் குறைந்தது இல்லை. சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாத முக்கால்வாசிப் பேர், அனுப்பியவர்களைவிட ரூஸ்வெல்ட் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தார்கள். 1937இல் எடுத்த ஒரு கேலப் கணிப்பின் தரவை வைத்துப் பிற்கால ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். இன்று வாட்ஸ்அப்பில் கூகுள் படிவத்தைச் சுற்றவிட்டு, ஐயாயிரம் பதில் வந்தது என்று பெருமைப்படுகிறவர்கள் டைஜெஸ்ட்டின் இரண்டு தவறுகளையும் சேர்த்தே செய்கிறார்கள்.

கணக்காகவே பாருங்கள். எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துச் சீட்டுக் குலுக்குவது போல எடுத்த மாதிரியில் 1,000 பேர் என்றால் பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ சுமார் 3 சதவீதப் புள்ளி. 3,000 பேர் என்றால் 1.8. இருபத்து மூன்று லட்சம் என்றால் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டைஜெஸ்ட் தவறியதோ 19 புள்ளிக்கு மேல். பிழை எல்லை என்ற சூத்திரம் குலுக்கலின் அதிர்ஷ்டத்தை மட்டுமே அளக்கிறது. யார் பட்டியலில் இல்லை, யார் பதில் போடவில்லை என்பது அதற்குத் தெரியாது.

இப்போது கேலப்பைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடும் எண். அவருடைய கடைசிக் கணிப்பு ரூஸ்வெல்ட்டுக்கு 55.7 சதவீதம். இரண்டு பெரிய கட்சிகளின் வாக்கை மட்டும் எடுத்தால் ரூஸ்வெல்ட் வாங்கியது 62.5. பிழை ஏறக்குறைய 7 புள்ளி. ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னதால் யாரும் கேட்கவில்லை. 1948 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ட்ரூமனுக்கு 44.5 என்றார், வந்தது ஐம்பதை ஒட்டி. பிழை 5 புள்ளி சொச்சம், 1936ஐவிடக் குறைவு. ஆனால் தோற்பவரை ஜெயிப்பவர் என்று சொன்னதால் நாடே சிரித்தது, பத்திரிகைகள் சந்தாவை நிறுத்தின. ஒரு கணிப்பு முறை பன்னிரண்டு வருடமாக ஒரே பக்கம் சாய்ந்துகொண்டிருந்ததை, தொடர்ந்து ஜெயித்தது மறைத்துவிட்டது.

எந்தப் பக்கம் சாய்ந்தது? குடியரசுக் கட்சிக்கு அவர் சொன்னது 1936இல் 44, வந்தது 38. 1940இல் 48, வந்தது 45. 1944இல் 48, வந்தது 46. 1948இல் 50, வந்தது 45. நான்கு தேர்தல், நான்கிலும் ஒரே திசை. குலுக்கல் பிழை என்றால் இரண்டு பக்கமும் மாறி மாறி விழுந்திருக்கும்.

காரணம் கோட்டா முறை. 1948இல் செயின்ட் லூயிஸ் நகரில் கேலப்பின் ஒரு பேட்டியாளருக்குக் கொடுத்த உத்தரவு பதிவாகியிருக்கிறது. 13 பேர் வேண்டும். 6 பேர் புறநகர், 7 பேர் நகரின் நடுவில். 7 ஆண்கள், 6 பெண்கள். ஆண்களில் 3 பேர் நாற்பதுக்குக் கீழ், 4 பேர் மேல். ஒருவர் கறுப்பினத்தவர், ஆறு பேர் வெள்ளையர். அந்த ஆறு வெள்ளையரில் ஒருவர் மாத வாடகை 44.01 டாலரோ அதற்கு மேலோ, மூவர் 18.01இலிருந்து 44.00 வரை, இருவர் 18.00 டாலரோ அதற்குக் கீழோ. பார்க்க அறிவியல் போலத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை கட்டங்களையும் நிரப்பிய பிறகு, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது பேட்டியாளர் விருப்பம். அவர் நாய் இல்லாத வீடு, தொலைபேசி உள்ள வீடு, படித்தவர் மாதிரி தெரியும் ஆள் என்று போவார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் வசதியானவர்கள் கூடுதலாக வந்து விழுவார்கள். அவர்கள் அன்றைக்குக் குடியரசுக் கட்சி. போதாக்குறைக்குத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பே களப்பணியை நிறுத்திவிட்டார்கள், கடைசி நேரத்தில் மனம் மாறியவர்கள் கணக்கில் வரவில்லை.

சமூக அறிவியல் ஆய்வு மன்றம் அமைத்த குழு 1949இல் இதையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதியது. அதற்குப் பிறகு கேலப் நிறுவனம் படிப்படியாக நிகழ்தகவு மாதிரிக்கு மாறியது. இந்த முறையில் பகுதியைக் குலுக்கி எடுப்பார்கள், தெருவைக் குலுக்கி எடுப்பார்கள், தொடங்கும் வீடும் நடக்கும் திசையும் அலுவலகத்திலிருந்து எழுதி வரும். வலதுகைப் பக்கமாகப் போய் ஒவ்வொரு ஐந்தாவது வீடு என்பது போல. வீட்டுக்குள் யாரைப் பேட்டி எடுப்பது என்பதையும் கதவைத் திறப்பவரிடம் விடக் கூடாது. லெஸ்லி கிஷ் 1949இல் வெளியிட்ட அட்டவணையை இந்தியக் களப்பணியாளர்களும் கிஷ் கிரிட் என்றே சொல்வார்கள்: வீட்டில் உள்ள பெரியவர்களை வயது வரிசையில் எழுதி, அட்டவணை காட்டும் எண்ணுக்கு உரியவரைத்தான் கேட்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் வேறு நேரத்தில் குறைந்தது இரண்டு மூன்று முறை திரும்பப் போக வேண்டும். செலவு எகிறுவது இந்தத் திரும்பப் போவதில்தான். காசு மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவதும் இதுவே, அங்கேதான் டைஜெஸ்ட் பூதம் திரும்ப நுழைகிறது.

கொத்தாக எடுப்பதன் விலையையும் சொல்ல வேண்டும். பயணம் குறைய ஒரு தெருவில் 10 பேர் என்று 100 தெருவில் 1,000 பேரை எடுக்கிறீர்கள். ஒரே தெருக்காரர்கள் ஓரளவு ஒத்த கருத்துள்ளவர்கள். அந்த ஒற்றுமையை, 0 என்றால் இல்லவே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி என்ற அளவில், 0.05 என்று வைத்தால், 10இல் ஒன்று குறைத்த 9ஐ 0.05ஆல் பெருக்கி 1 கூட்டினால் 1.45. 1,000ஐ இதால் வகுத்தால், உங்கள் 1,000 பேர் உண்மையில் 690 பேருக்குச் சமம். அறிக்கையில் பிழை எல்லை 3.1 என்று போட்டால் தவறு, 3.7 என்று போட வேண்டும். தெருவுக்கு 5 பேர் என்று 200 தெருவுக்குப் போனால் 830 பேருக்கு ஈடாகும். எதற்குப் பணம் போடுவது என்பது இப்படித்தான் முடிவாகும்.

இவ்வளவு சொன்ன பிறகும், முறை சரியாக இருந்தால் நிறுவனம் தானாக நிற்கும் என்று எண்ண வேண்டாம். ஆர்தர் நீல்சன் கதை அதற்கு நல்ல உதாரணம். விஸ்கான்சினில் மின்பொறியியல் படித்தவர், 1923இல் சிகாகோவில் கடன் வாங்கிய 45,000 டாலரோடு நிறுவனம் தொடங்கினார். வேலை, தொழிற்சாலை இயந்திரங்கள் சொன்னபடி உழைக்கின்றனவா என்று வாங்கியவர்களிடம் போய் அளந்து அறிக்கை தருவது. பொறியாளருக்கே உரிய ஒழுங்கான ஆய்வு. ஆனால் ஒவ்வொரு ஆய்வும் ஒரே வாடிக்கையாளருக்கு, ஒரே தடவை. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் இயந்திரம் விற்பவர்கள் ஆய்வுச் செலவைத்தான் முதலில் வெட்டினார்கள். நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது.

அதிலிருந்து மீண்டது 1933–34இல் தொடங்கிய மருந்துக்கடைத் தணிக்கையால். மாதிரியாகத் தேர்ந்த கடைகள் நிலையானவை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதே கடைக்கு ஆள் போவார். எண்ணுவது மூன்றே மூன்று: போன முறை இருந்த சரக்கு, இடையில் வாங்கிய சரக்கு, இன்று இருக்கும் சரக்கு. ஒரு பற்பசை போன முறை 36, பில்லின்படி வாங்கியது 48, இன்று அலமாரியிலும் பின்னறையிலும் சேர்த்து 24. ஆக விற்றது 60. கடைக்காரரிடம் "எது நன்றாகப் போகுது?" என்று கேட்கவே வேண்டாம். கேலப் பேப்பரைக் கையில் கொடுத்ததும் நீல்சன் அட்டைப்பெட்டியை எண்ணியதும் ஒரே எண்ணத்தின் இரண்டு வடிவங்கள்: ஞாபகத்தை நம்பாதே. இங்கேயும் தவறு வரும் இடங்கள் உண்டு. பில் போடாமல் வந்த சரக்கு விற்பனையைக் குறைத்துக் காட்டும். பின்னறைப் பெட்டியை எண்ண மறந்தால் இந்த முறை விற்பனை கூடும், அடுத்த முறை அதே அளவு குறையும். ஒரு கடையில் இப்படி ஏற்ற இறக்கம் மாறி மாறி வந்தால் தணிக்கையாளரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உடைந்ததும் களவு போனதும் விற்றதாகவே கணக்கில் ஏறும்.

வணிகமாக இதன் பலம் என்னவென்றால், அதே எண்ணைப் பற்பசை விற்கும் எல்லாக் கம்பெனிக்கும் விற்கலாம். சந்தையில் என் பங்கு எவ்வளவு, போட்டியாளர் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்ட ஒரு மேலாளர் அடுத்த அறிக்கையை வாங்காமல் இருக்க மாட்டார். தொடர் வருமானம் அங்கே பிறக்கிறது. இதன் மறுபக்கத்தை வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் நடத்திய பொருளாதார உளவியல் ஆய்வு நிலையத்தில் பார்க்கலாம். நுகர்பொருள் ஆய்வு செய்துகொண்டே, வேலையில்லாத் தொழிலாளர் ஊரான மரியன்தாலை ஆராய்ந்தார்கள். சமூக ஆய்வில் அது ஒரு மைல்கல், நிலையம் என்னவோ பணமுடையில்தான் ஓடியது. ஒவ்வொரு ஆய்வுக்கும் புதிதாக முறை வகுத்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும்.

கேலப் நிறுவனம் நிலைத்ததற்கு இன்னொரு காரணம் கட்டுப்பாடு. கட்சிகளிடம் காசு வாங்கிக் கணிப்பு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டார். ஹாலிவுட் படங்களுக்கு ரசிகர் ஆய்வு செய்ய ஒரு தனி அமைப்பு, 1948இல் கிளாட் ராபின்சனோடு சேர்ந்து விளம்பர ஆய்வுக்கு இன்னொரு நிறுவனம் என்று வேலைகளைப் பிரித்தே வைத்தார். பின்னாளில் விளம்பர உலகில் பெரிய பெயரான டேவிட் ஓகில்வி அந்த ரசிகர் ஆய்வு அமைப்பில் வேலை பார்த்தவர். இந்தியாவுக்கு இந்த முறை 1950களிலேயே வந்துவிட்டது: எரிக் ட கோஸ்டா தில்லியில் தொடங்கிய இந்தியப் பொதுக்கருத்து நிறுவனம் கேலப்பின் வழியில் வந்தது. 1960இல் பரோடாவில் விக்ரம் சாராபாய் தொடங்கிய ஓ.ஆர்.ஜி., நீல்சன் பாணிக் கடைத் தணிக்கையை இங்கே பெரிய அளவில் நடத்தியது. நம் ஊரில் நாளிதழ் வாசகர் கணக்கெடுப்பில் பத்திரிகையின் முகப்புப் பெயர் அச்சிட்ட அட்டையைக் காட்டி "கடைசியாக எப்போது படித்தீர்கள்?" என்று கேட்பது, பேப்பரைக் கையில் கொடுக்கும் பழைய முறையின் சிக்கன வடிவம். சிக்கனம் என்பதால் கௌரவப் பிழை ஓரளவு திரும்ப வந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் எண் வெளியானபோது சண்டை வந்ததில் வியப்பில்லை.

ஆகவே படிக்கும் காலத்தில் கள ஆய்வு செய்துவிட்டு நிறுவனம் தொடங்கலாமா என்று யோசிப்பவருக்குச் சொல்லக்கூடியது: முதலில் உங்கள் முறையை நீங்கள் இல்லாமல் வேறு ஒருவர் செய்ய முடிகிறதா பாருங்கள். களப்பணியாளருக்கான குறிப்பை நான்கு பக்கத்துக்குள் எழுதி, உங்களைத் தெரியாத இரண்டு பேரிடம் கொடுத்து, ஒரே பகுதியில் தனித்தனியாக ஐம்பது ஐம்பது பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஐம்பது பேட்டிதான் என்றால் இருவர் முடிவுக்கும் இடையில் இருபது புள்ளி வரை வித்தியாசம் குலுக்கலாலேயே வரலாம். அதற்கு மேல் போனால் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. ஆளாளுக்கு எங்கே வேறுபட்டார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலும் கேள்வியை விளக்கிச் சொல்லும் இடத்தில்தான் இருக்கும்.

அடுத்து, முடிந்த பேட்டிகளில் பத்துக்கு ஒன்றையாவது மேற்பார்வையாளர் மறுபடி போன் செய்து சரிபார்க்க வேண்டும். பேட்டி நடந்ததா, எவ்வளவு நேரம், இரண்டு எளிய விவரங்கள். அரை மணிப் பேட்டி பத்து நிமிடத்தில் முடிந்திருந்தால் அந்த ஆளின் அன்றைய தாள்கள் அத்தனையும் தள்ளுபடி. களப்பணியாளருக்குப் பேட்டி எண்ணிக்கைக்கு மட்டும் கூலி கொடுத்தால் போலித் தாள் வரும், நாள் கூலியும் தரத்துக்கு ஒரு ஊக்கத்தொகையும் கலந்து கொடுப்பது பழக்கம்.

பணப் புழக்கம் இந்தத் தொழிலில் பலரைச் சாய்த்த இடம். களப்பணியாளருக்கு வாரக் கடைசியில் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் அறிக்கை வந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் கொடுப்பார். வேலை தொடங்குமுன் பாதித் தொகையை வாங்காமல் களத்தில் ஆளை இறக்காதீர்கள். கடைசியாக ஒப்பந்தம். வாடிக்கையாளர் கொடுக்கும் வழக்கமான ஒப்பந்தத்தில், திரட்டிய தரவு முழுவதும் அவருக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொரு மாதமும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய பிராண்டு பற்றிய தனிக் கேள்விகள் அவருக்குச் சொந்தம், பொதுச் சந்தை பற்றிய கேள்விகளும், மாதிரியை எடுக்கும் பட்டியலான மாதிரிச் சட்டகமும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.